ஒட்டகப் படையும் மத்தியான மணியும்

லண்டன் மாமாவுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திராது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒருவரையும் மனம் நோகப் பண்ணக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனாலேயே எல்லாரையும் நோகப் பண்ணிவிடுவார். லண்டனில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பழைய பட்டாளத்துக்காரர். அந்தக் கிழவர் செத்துப்போக, அவருடைய மனைவி ஒரு பெட்டியை மாமாவின் தலையில் கட்டிவிட்டார். பெட்டிக்குள் விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். மேசையில் பரப்பி விளையாடும் போர் விளையாட்டாம் அது. பாதிப் பேர் வெள்ளைக்காரன் உலகத்தைப் பிடித்து ஆண்ட காலத்துச் சிவப்புச் சட்டைப் பட்டாளம். மீதிப் பேர் அவனை எதிர்த்து நின்ற பாலைவனத்துக்காரர், வெள்ளை அங்கியும் வாளும் ஆறு ஒட்டகங்களுமாக.

மாமா யோசித்திருக்கிறார். ஊரில் பென்சன் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கிற கிழவர்கள் இரண்டு பேர்: என் ஐயா, ஐயாவின் தமையனான பெரியப்பா. ஒருவருக்கு அனுப்பினால் மற்றவர் கோபிப்பார். ஆகவே அந்த மகான் பெட்டியைப் பிரித்து, சிவப்புச் சட்டைகளை ஐயாவுக்கும் ஒட்டகப் படையைப் பெரியப்பாவுக்குமாக ஒரே அளவில் இரண்டு பொதி கட்டி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். விதிப் புத்தகத்தை எனக்கு அனுப்பினார், நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிப்பவள் என்பதால். ஒரு சோடிச் செருப்பில் ஒன்றை அண்ணனுக்கும் மற்றதைத் தம்பிக்கும் கொடுத்த வேலைதான்.

இது நடந்தது எண்பத்தாறில், இணுவிலில். அப்போது ஐயாவும் பெரியப்பாவும் ஒருவரோடு ஒருவர் கதையாமல் விட்டுப் பதினொரு வருடம்.

எங்கள் வளவும் பெரியப்பாவின் வளவும் அடுத்தடுத்து. நடுவில் பங்குக் கிணறு. வேலி வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்று, மறுபக்கத்தில் தொடங்கிப் போகும். இரண்டு தோட்டத்துக்கும் அந்த ஒரு கிணற்றிலிருந்துதான் இறைப்பு, அதனால் முறை வைத்திருந்தார்கள். காலையிலிருந்து கோயிலில் மத்தியானப் பூசை மணி அடிக்கும்வரை ஒருவர், மணி அடித்த பிறகு மற்றவர். மாதம் பிறந்தால் முறை மாறும். எழுபத்தைந்தில் ஒருநாள் ஐயா மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் இறைக்கும் மிசினை நிறுத்தவில்லை. மிளகாய்க் கன்றுகள் வாடிக் கிடந்தன, இன்னும் இரண்டு பாத்திதான் மிச்சம். பெரியப்பா கிணற்றடிக்கு வந்து, தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள் கேட்கத்தக்கதாக, 'தண்ணிக் கள்ளன்' என்று சொல்லிவிட்டார். ஐயா மிசினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார், அதோடு கதை பேச்சு நின்றது.

அன்றிலிருந்து கோயில் மணியின் முதல் அடிக்கே ஐயாவின் கை மிசினை நிறுத்திவிடும். அரைப் பாத்தி காய்ந்து கிடந்தாலும் சரிதான். இரண்டாம் அடி கேட்கும்போது மிசின் சத்தம் இருக்காது. அம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார், இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று. ஐயா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

பெண்களுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் கிடையாது. வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து நுழைகிற அளவு ஓட்டை. அம்மாவும் பெரியம்மாவும் அதற்குள்ளால் கறியும் ஊர்ப் புதினமும் கைமாற்றிக்கொண்டார்கள். நான் அந்தப் பொட்டுக்குள்ளால் போய் வந்து வளர்ந்தவள். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குச் சைக்கிள் பழக்கியது அவர். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது மருதனார்மடம் சந்தி வரை போய்க் கண்டவனுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்ததும் அவர்தான்.

அந்த வருடம் எனக்குக் கலியாணம் பொருந்தியது. எனக்கு இருபத்தொன்பது வயது, ஊர்க் கணக்கில் அது ஐம்பது. மாப்பிள்ளை கொழும்புத்துறை, அமைதியான மனிதர், இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அழைப்புக் காட் கொடுத்தால் போதாது. வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லாத கலியாணத்துக்குச் சொந்தக்காரர் படி தாண்டமாட்டார்கள். நான் பொட்டுக்குள்ளால் போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் கண் கலங்கினார், ஆனால் வீறாப்பு கலங்கவில்லை.

"உன்ரை கொப்பர் வாயாலை சொன்னால் முதல் ஆளாய் வந்து நிப்பன். இல்லாட்டில் கலியாணம் நடக்கிற கோயில் வீதியிலும் என்னைக் காணமாட்டாய்" என்றார்.

திரும்பி வந்து ஐயாவிடம் கேட்டேன். ஏசினது அவர், ஆகவே முதல் வாய் திறக்க வேண்டியதும் அவர் என்றார் ஐயா. அப்படியென்றால் பெரியப்பா வராமல் நான் மணவறையில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, கொழுப்பு என்றார். கொழுப்புத்தான். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கும்போது எனக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

இந்த நேரம் பார்த்துத்தான் பொதிகள் வந்தன. கொண்டுவந்தவர் சொன்னார், ஆனையிறவு முகாமில் சோதனை போட்ட சிப்பாய் பொம்மைச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒட்டகத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தானாம். அடுத்த நாள் காலையிலேயே சண்டை தொடங்கிவிட்டது, அதுவும் யார் எந்தப் படை என்று. பெரியப்பா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து, மகாராணியின் பென்சன் எடுப்பவர். மகாராணியின் காசில் சாப்பிடுகிறவன் மகாராணியின் பட்டாளத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று பெரியம்மாவிடம் கேட்டு அனுப்பினார். ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். தானும் வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவன்தான், சிவப்புச் சட்டை தனக்கு வந்தது வந்ததுதான் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அம்மாவும் பெரியம்மாவும் பொட்டடியில் நின்று இந்தச் செய்திகளைப் பரிமாறிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் மட்டும் விதிப் புத்தகத்தைப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல விளையாட்டு. யார் எத்தனை அங்குலம் நகரலாம், எத்தனை அங்குலத்துக்குச் சுடலாம், தாயக்கட்டையில் எத்தனை விழுந்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று எல்லாம் எழுதியிருந்தது. ஒரு விதியில் என் கண் நின்றது. எதிரியின் மேல் பாயப் போகிறவர் அதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பாய்ந்தால் செல்லாது. ஆகா, அகப்பட்டீர்களா என்று நினைத்தேன். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டால் ஒருவர் முதலில் வாய் திறந்தே ஆக வேண்டும். வாய் ஒருமுறை திறந்துவிட்டால் கலியாணத்துக்குச் சொல்ல எவ்வளவு நேரம்?

பெரியப்பா தோற்றுப்போவேன் என்று பயப்படுகிறார் என ஐயாவிடம் சொன்னேன். பொட்டுக்குள்ளால் போய் அதையே திருப்பிப் பெரியப்பாவிடம் சொன்னேன். பொய்தான். கலியாணக் காரியம், முருகன் மன்னிப்பார்.

எங்கே விளையாடுவது என்பது அடுத்த பிரச்சினை. இவர் அவர் வளவுக்குப் போகமாட்டார், அவர் இவர் வளவுக்கு வரமாட்டார். மிஞ்சியது கிணற்றடி. பழைய வீட்டைப் பிரித்தபோது கழற்றி வைத்த கதவு ஒன்று மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. அதை இரண்டு பீப்பாயின் மேல் படுக்க வைத்தேன், பாதி எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். கதவு தங்கள் பக்கம் நாலு விரல் குறைகிறது என்று பெரியப்பா சொல்லி அனுப்ப, ஐயா அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்து வாசித்தார். எல்லை பிடிக்க ஒரு முழுச் சனிக்கிழமை போனது. அதற்குள் வெள்ளைக்காரன் மூன்று நாட்டைப் பிடித்திருப்பான்.

கதவின் மேல் மணல் பரப்பினேன். புத்தகத்தில் இருந்த போர்களில் முதலாவதைத்தான் எடுத்தேன், ஏனென்றால் அது ஒரு கிணற்றுக்கான போர். பாலைவனத்தின் நடுவில் ஒரு கிணறு. போர் முடியும்போது கிணறு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. சோடாப் போத்தல் மூடி ஒன்றை நடுவில் வைத்து, இதுதான் கிணறு என்றேன். இரண்டு கிழவர்களும் அந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்த உண்மைக் கிணற்றைப் பார்த்தார்கள்.

தையல் நாடாவை வைத்துக்கொண்டு நான் நடுவர். ஐயா தன் பக்கக் கதிரையில், பெரியப்பா தன் பக்கக் கதிரையில். நகர்த்துவதும் சுடுவதும் ஒழுங்காகப் போனது. பதினொரு வருடமாக மாறி மாறி முறை எடுத்துப் பழகியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒட்டகங்கள் பாய்கிற தூரத்துக்கு வந்ததும் நான் விதியைச் சொன்னேன். பெரியப்பா என்னைப் பார்த்து, தான் பாயப் போவதாகச் சொன்னார். நடுவருக்குக் காது கேளாது, எதிரிக்குத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தாடையைத் தடவி யோசித்தார். பிறகு எழுந்து வேலியில் நின்ற முருங்கை மரத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி, தன்னுடைய ஒட்டகப் படை இப்போது பாயப் போகிறது என்று அறிவித்தார். ஐயா விடுவாரா? கிணற்றடி வாளியைப் பார்த்து, வரட்டும், தன் பட்டாளம் சுடத் தயாராக நிற்கிறது என்றார்.

நான் அது செல்லாது என்று கத்தினேன். பெரியப்பா விதிப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போய், அடுத்த நாள் இலக்கமிட்ட நாலு பந்தியில் இங்கிலீசில் ஒரு மனு எழுதி அனுப்பினார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதே தவிர, யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இல்லை என்பது அதன் சாரம். கீழே கையெழுத்து, கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று. அதைப் படித்துவிட்டு ஐயா, தமையனை முதன்முறையாக ஆதரித்து, மனுவில் நியாயம் இருக்கிறது என்றார். கோதாரி, இரண்டு கிளாக்கர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போர்தான். முருங்கைக்கும் வாளிக்கும் நல்ல உத்தியோகம். ஒட்டகம் வேண்டாம் என்று நின்ற பெரியப்பா இப்போது அவற்றை விட்டுப் பிரியமாட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துணியால் துடைத்து வரிசையில் வைப்பார், பெரியம்மா ஆறுக்கும் திருநீறு பூசிவிடுவார். ஐயாவோ சாப்பிடும்போது சோற்றில் கோடு கிழித்து அணிவகுப்புப் பார்த்தார். சிரிக்கச் சிரிக்க முசுப்பாத்திதான். ஆனால் கலியாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, போர் சூடாக இருந்த நேரம், இராணுவத்தின் ஹெலிகொப்டர் வந்தது. கோட்டைப் பக்கமிருந்து வந்து தோட்டங்களுக்கு மேலே சுற்றிச் சுட்டது. கிட்டத்தில் இருந்தது எங்கள் பங்கர், வாழைகளுக்கு நடுவில் வெட்டிய பதுங்குகுழி. மூன்று பேரும் விழுந்தடித்து அதற்குள் இறங்கினோம். பதினொரு வருடத்துக்குப் பிறகு பெரியப்பா எங்கள் வளவுக்குள் கால் வைத்தார், அதுவும் ஓடி வந்து. இரண்டு பேர் இருக்கிற குழியில் மூன்று பேர். அவர்கள் இரண்டு பேருடைய முழங்காலும் முட்டிக்கொண்டிருந்தன. மேலே படபடவென்று கேட்டது. இனியாவது கதைப்பார்கள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி உவருக்குச் சொல்லு."

ஐயாவும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இது எங்கடை பங்கர் எண்டு உவருக்குச் சொல்லு."

ஹெலி போனபின் வெளியே வந்து நான் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன். சாவுக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு ஒரு சொல்லுக்குப் பயம் அதைவிடக் கூட. இவர்களை ஒருவராலும் திருத்த முடியாது என்று நினைத்தேன், அன்றைக்கு உண்மையாகவே அழுதேன். இதற்கிடையில் எங்கள் கோழி ஒன்று கதவின் மேல் ஏறி நடந்து மூன்று பாலைவனத்துக்காரரை விழுத்தியிருந்தது. அதற்கும் மனு வந்தது. கோழியால் செத்தவரும் செத்தவரே என்று தீர்ப்பு எழுதி அனுப்பினேன்.

கலியாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று, வேலிக்கு அடுத்த வீடு ஒன்றுதான் பாக்கி. அந்தச் சனிக்கிழமை நான் நம்பிக்கை இல்லாமல்தான் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். காலை முழுவதும் கடும் போர். ஐயாவுக்குக் கை வந்த நாள். தாயக்கட்டை போடுகிற பக்கமெல்லாம் ஆறு. இரண்டு ஒட்டகம் விழுந்தது, மூன்றாவது விழுந்தது. மத்தியானத்துக்குக் கிட்ட ஐயாவின் சிவப்புச் சட்டைகள் சோடா மூடியைச் சுற்றி வளையமாக நின்றன. பெரியப்பாவிடம் மிஞ்சியது மூன்று ஒட்டகமும் காலாட்கள் சிலரும்தான். இன்னும் ஒரே ஒரு முறை ஐயா அசையாமல் நின்றால் போதும், கிணறு அவருடையது. இந்த ஒரு மாதத்தில் அவருக்கு அதுதான் முதல் வெற்றியாக இருந்திருக்கும். பெரியப்பா தோல்வியை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

அப்போது கோயில் மணி அடித்தது.

முதல் அடிக்கே ஐயாவின் கை நீண்டது. கிணற்றைச் சுற்றி நின்ற சிவப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கத்து மணலில் கொண்டுவந்து வைத்தார். அவசரமில்லை, தடுமாற்றமில்லை. நான் என்ன இது என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அந்த மாதம் காலை முறை எங்களுடையது. மணி அடித்துவிட்டது. அவருடைய கைக்கு அது சோடா மூடியா உண்மைக் கிணறா என்ற வித்தியாசம் தெரியவில்லை. கடைசிச் சிப்பாயையும் எடுத்து வைத்த பிறகுதான் தான் என்ன செய்தார் என்பது ஐயாவுக்கே தெரிந்தது. அவருடைய முகம் கறுத்துப் போனது. கையை மடியில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்தபடி இருந்தார்.

வெறும் மணலில் கிணறு தனியே கிடந்தது. பெரியப்பாவின் ஒட்டகங்கள் நாலு அங்குலத்தில் நின்றன. அவர் அவற்றைத் தொடவில்லை. முருங்கை மரத்தையும் பார்க்கவில்லை.

"தம்பி" என்றார். "அதுகளைத் திருப்பி வை. இது விளையாட்டு."

"மணி அடிச்சிட்டுது, அண்ணை. உங்கடை முறை" என்றார் ஐயா, நிமிராமல்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொரு வருசமா மணி அடிச்சாப் பிறகு நீ ஒரு நிமிசம் கூட இறைக்கேல்லை. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"தெரியும், அண்ணை. நீங்கள் பாக்கிறதை நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது."

ஐயா சிவப்புச் சட்டை ஒன்றை எடுத்துக் கிணற்றடியில் வைத்தார். பெரியப்பா கை நீட்டி இன்னொன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அது முடிய ஆத்திரம் வந்தது. ஒரு மாதமாக என்னை நாயாய் அலைய வைத்துவிட்டு, கடைசியில் ஒரு மணிச் சத்தத்தில் கதைக்கிறீர்களா என்று இரண்டு பேருக்கும் நல்ல கிழி கொடுத்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, நடுவர் சத்தம் போடக்கூடாது என்றார்கள்.

அடுத்த நாள் காலை ஐயா குளித்து, சால்வை போட்டு, வெற்றிலைத் தட்டத்தோடு புறப்பட்டார். பொட்டு இருபது அடியில் இருக்கிறது. வாயால் சொல்லப் போகிறவர் பொட்டுக்குள்ளால் நுழைய முடியுமா? எங்கள் படலையால் வெளியே போய், ஒழுங்கையைச் சுற்றி, பெரியப்பா வீட்டுப் படலையால் உள்ளே போனார். நான் பொட்டுக்குள்ளால் ஓடி அவருக்கு முதலே போய் நின்றேன். அண்ணை முன்னுக்கு நின்று நடத்த வேண்டும் என்று ஐயா சொன்னார். பெரியப்பா நாடியைத் தடவிக்கொண்டு, அன்றைக்கு வேறு அலுவல் இருக்கிறதோ தெரியாது, கலண்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பட்டு வேட்டி அழுத்தி வைத்து மூன்று கிழமை என்று பெரியம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னார்.

கலியாணத்தன்று பெரியப்பா மாப்பிள்ளைக்கு முதலே வந்துவிட்டார். தாலி கட்டுகிற நேரம் மேளம் உச்சத்தில் போனது, எல்லாரும் எழுந்து எனக்கு அறுகரிசி தூவினார்கள். அந்த நேரத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. படத்தில் உள்ள அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள், என்னைப் பெற்றவரையும் அவருடைய தமையனையும் தவிர. அவர்கள் இரண்டு பேரும் அறுகரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மூன்று ஒட்டகத்தால் அந்தக் கிணற்றைப் பிடித்திருக்க முடியுமா முடியாதா என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் கழுத்தில் தாலி ஏறியதை இரண்டு பேரும் காணவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. எத்தனையோ இடம்பெயர்வில் எத்தனையோ சாமான் போய்விட்டது, அந்தப் படத்தை மட்டும் நான் ஒரு இடத்திலும் விட்டுவிட்டு வரவில்லை. என் தலை பாதி வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் இருவருடைய வாயும் திறந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.